படுகளத்து முகம்

மேட்டுக்கொல்லை,
உத்திரமேரூர் தாலுகா,
2-2-1966

சிரஞ்சீவி சின்னராசுவுக்கு மாமன் சடையப்பன் ஆசீர்வாதம். இங்கே நான், உன் அத்தை செல்லம்மாள், பதினாறு மாடு, ஒன்பது படியாட்கள் எல்லோரும் சுகம். படியாட்களில் ஒருவன் மட்டும் படுத்திருக்கிறான். அது அவனாகத் தேடிக்கொண்டது. உன் தேக சுகத்துக்கு எழுதவும்.

மனித உருவத்தை நேரில் பார்த்து வரைய உங்கள் ஓவியப் பள்ளியில் ஆள் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். பட்டணத்தில் ஆள் கிடைக்கவில்லையா? போன மாதம் பாரிமுனையில் எனக்கு நடக்க வழி கிடைக்கவில்லை. எதிரே நிற்கிற ஆளைப் பார்த்து வரைய ஐந்து வருஷம் படிக்க வேண்டும் என்பதும் எனக்குப் புரியவில்லை. என் தங்கை, உன் அம்மா, சாகும்போது உன்னைப் படிக்கவைக்கச் சொன்னாள். என்ன படிப்பு என்று சொல்வதற்குள் போய்விட்டாள்.

அறுப்பு முடிந்துவிட்டது. எனவே வேதகிரியை அனுப்புகிறேன். உனக்குத் தெரிந்தவன்தான், செங்கேணி புருஷன். முப்பது வயசு, நல்ல உடம்புக்கட்டு. நிற்பதில் அவனுக்கு ஈடு இந்தத் தாலுகாவிலேயே கிடையாது. போன ஆடியில், கேட்காமல் மதகுத் தண்ணீரைத் திருப்பினதற்காக, விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை புளியமரத்தில் கட்டிவைத்திருந்தேன். அசையவில்லை. அவிழ்த்துவிட்ட பிறகும் வெகுநேரம் அசையவில்லை. வலது தோள் கொஞ்சம் தாழ்ந்திருக்கும், அது அன்றைக்கு ஆனது. படத்துக்கு இடைஞ்சலாக இருந்தால் நேராகப் போட்டுக்கொள்.

ஒரு மாதத்தில் திருப்பி அனுப்பிவிடு. அசைந்தால் எனக்கு எழுது.

ஆசீர்வாதத்துடன்,
சடையப்பன்


சென்னை,
20-2-1966

மதிப்புக்குரிய மாமாவுக்குச் சின்னராசு வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வேதகிரி வந்து சேர்ந்தான். சாப்பிடுகிறான், தூங்குகிறான்.

இந்த வருஷம் எங்களுக்குப் புது வர்ணம். ஊருக்குத் திரும்பிய ஓர் அமெரிக்க அம்மாள் ஒரு பெட்டி நிறைய ட்யூப்களைப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அக்ரிலிக் என்று பெயர். தண்ணீர் விட்டுத்தான் குழைக்க வேண்டும், ஆனால் காய்ந்த பிறகு எந்தத் தண்ணீருக்கும் கரையாது. எண்ணெய் வர்ணமாக இருந்தால் நாலு நாள் ஈரமாக இருந்து, நம் மனம் மாறுவதற்குக் காத்திருக்கும். இது கால் மணியில் தோல் மாதிரி இறுகிவிடுகிறது. தப்பைத் துடைக்க முடியாது, மேலே இன்னொரு பூச்சுப் பூசி மறைக்கத்தான் முடியும். நம் வீட்டில் வளர்ந்தவனுக்கு இது சுலபமாகக் கைவந்திருக்க வேண்டும். வரவில்லை.

முதல் நாள் வேதகிரியை மேடைமேல் ஏறி நிற்கச் சொன்னேன். ஏறிவிட்டு அங்குமிங்கும் பார்த்தான்.

"எந்த மரத்துல சின்னாண்ட?"

"மரம் இல்ல. சும்மா நில்லு."

"கட்டாம எப்பிடி நிப்பேன்?"

நின்றான். கால் மணிக்கு ஒரு தடவை ஆசிரியர், "ஐயா, கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துக்குங்க" என்பார். முதல் தடவை வேதகிரி, எந்த ஐயா வந்திருக்கிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தான். வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் என்னைத் தனியே அழைத்துக் கேட்டான்: "இன்னா சின்னாண்ட, இம்மாம் பேரு கீறாங்க, ஒர்த்தரும் என்ன வையலியே. நான் எதுனா தப்பா நிக்கிறனா?"

உனக்குத் தெரிந்ததைப் போடாதே, கண்ணுக்குத் தெரிவதைப் போடு என்பது எங்கள் ஆசிரியரின் சட்டம். நீங்கள் சொன்னபடி வலது தோளை நேராகப் போட்டிருந்தேன். அவர் பார்த்துவிட்டு, அதன்மேல் பூசித் தாழ்த்திப் போடச் சொன்னார். முதுகை இன்னும் ஆரம்பிக்கவில்லை.

அத்தைக்கு என் வணக்கம்.

தங்கள் மருமகன்,
சின்னராசு


மேட்டுக்கொல்லை,
12-3-1966

சிரஞ்சீவி சின்னராசுவுக்கு ஆசீர்வாதம். இங்கே நாங்கள் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி இருந்தபடியே இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடு.

ஒரு மாதம் ஆகிவிட்டது, வேதகிரி வரவில்லை. ஐயா என்று கூப்பிடுகிறார்களாமே. கூப்பிடுகிறவர்கள் அவனுக்குக் கூழ் ஊற்றி வைத்துக்கொள்வார்களா என்று கேட்டு எழுது.

இன்னொரு விஷயம். போன வருஷம் திரௌபதி அம்மன் திருவிழாவில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். படுகளத்தன்று நாற்பது அடிக்குக் களிமண்ணில் துரியோதனனைப் படுக்கவைத்து வர்ணம் பூசியிருந்தோம். கூத்துப் பீமன் தொடையில் அடிப்பதைப் பார்க்க ஆறு ஊர் ஜனம் கூடியிருந்தது. பீமன் வருவதற்குள் மழை வந்துவிட்டது. மீசை காதுவரை ஓடியது. கண் கரைந்து வாயில் விழுந்தது. பீம வேஷம் போட்ட பச்சமுத்து கதையை ஓங்கிக்கொண்டு வந்து, அடிக்க வேண்டியவன் யாரென்று தெரியாமல் நின்றுவிட்டான். காவாந்தண்டலத்துக்காரர்கள் இன்னும் சிரிக்கிறார்கள். தர்மகர்த்தாவான எனக்கு இது தலைகுனிவு.

ஆகையால் இந்த வருஷம் முகத்துக்கு உன்னுடைய கரையாத வர்ணம். முகம் போடுகிற பழைய ஆள் போன தையில் இறந்துவிட்டான், நீதான் போட வேண்டும். அவன் போட்ட துரியோதனன் கள்ளுக்கடை வாசலில் விழுந்தவன் மாதிரி இருந்தான். துரியோதனன் ராஜா. முகத்தில் அதிகாரம் தெரிய வேண்டும். பார்த்தால் ஜனம் நடுங்க வேண்டும். அப்படி ஓர் ஆளை நேரில் பார்த்துப் போடு. அதைத்தானே படிக்கிறாய்.

வேதகிரியை உடனே அனுப்பு.

சடையப்பன்


சென்னை,
19-3-1966

மதிப்புக்குரிய மாமாவுக்கு வணக்கம். நான் சுகம், தங்கள் சுகம் அறியக் காத்திருக்கிறேன்.

துரியோதனனைத் தாங்கள் சொன்னபடியே செய்துவிடலாம். வேதகிரியை அனுப்பத் தாமதமாவதற்குக் காரணம் அவனுடைய முதுகு. தேர்வுக்கு நான் எடுத்துக்கொண்ட படம் அதுதான். மனித முதுகு இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. சில தழும்புகள் வெள்ளி மாதிரி மினுங்குகின்றன. சில ஈரல் நிறம். ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதில் எது மேலே, எது கீழே என்று தெரியாமல் வர்ணம் சேறாகிவிடுகிறது. எது எவ்வளவு பழையது, எதனால் உண்டானது என்று தெரிந்தால் ஆழம் சரியாக வரும் என்கிறார் ஆசிரியர்.

வேதகிரியைக் கேட்டேன். "என் முதுவ நான் எங்க பாத்தேன்? ஆண்டயத்தான் கேக்கணும்" என்றான்.

ஆகையால் தங்களைக் கேட்கிறேன்.

சின்னராசு


மேட்டுக்கொல்லை,
26-3-1966

சிரஞ்சீவி சின்னராசுவுக்கு ஆசீர்வாதம். சுகத்துக்குக் குறைவில்லை.

படிப்புக்காகக் கேட்டிருப்பதால் நினைவுக்கு வந்தவரை எழுதுகிறேன். வேறு யாராவது கேட்டிருந்தால் எழுதியிருக்கமாட்டேன்.

இடது தோள்பட்டைக்குக் கீழே குறுக்கே போவது 1958, வண்டிமாடு பள்ளத்தில் விழுந்த வருஷம். சாட்டை. மாட்டுக்கும் அதே சாட்டைதான், நான் பாரபட்சம் பார்ப்பதில்லை. அதற்கு அடுத்தாற்போல் இரண்டு கோடு ஒட்டி ஒட்டி இருக்கும். புளிய விளாறு. செங்கேணிக்குப் பிரசவ வலி என்று சொல்லி நடவுக்கு வராமல் நின்றுவிட்டான். அந்தக் குழந்தை தங்கவில்லை, அதற்கு நான் பொறுப்பில்லை. நடு முதுகில் வட்டமாக ஒன்று இருக்குமே, அது என்னுடையது அல்ல. என் அப்பா சுருட்டை அணைத்தது. பெரியவர்கள் காரியத்தில் நான் தலையிடுவதில்லை. இடுப்புக்கு மேலே குவியலாக இருப்பதெல்லாம் ஒரே நாளில் ஆனது, மதகு. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல என்னால் முடியாது, நீயும் சேர்த்தே போட்டுவிடு. கழுத்தோரம் இருப்பது நுகத்தடி உராய்ந்தது. மாடு ஒன்று நொண்டியதால் ஒரு வாரம் அவன் பூட்டிக்கொண்டான். அதை அடி என்று கணக்கில் சேர்க்காதே.

பங்குனி முடிவதற்குள் அவனை அழைத்துக்கொண்டு வா. செங்கேணி மாட்டுக்கொட்டகையில் இருக்கிறாள். பத்திரத்துக்குக் குறைவில்லை, கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்திருக்கிறேன். அவன் வந்ததும் திறப்பேன்.

இப்படிக்கு,
சடையப்பன், தர்மகர்த்தா


சென்னை,
2-4-1966

மதிப்புக்குரிய மாமாவுக்கு வணக்கம். தங்கள் கடிதம் மிகவும் உதவியாக இருந்தது. ஆசிரியர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். வெயில் அதிகம்.

அடுத்த வாரம் இருவரும் வருகிறோம். செங்கேணியின் சேதியைச் சொன்னதிலிருந்து வேதகிரி மேடையில் நிற்கவில்லை, வாசலில் நிற்கிறான்.

ஒரு வேண்டுகோள். தயவுசெய்து அவன்மேல் கை வைக்க வேண்டாம். படம் இன்னும் முடியவில்லை. ஜூன் தேர்வுக்கு முன் இன்னொரு முறை அவனை நிற்கவைத்துச் சரிபார்க்க வேண்டும். முதுகு மாறிவிட்டால் படத்தோடு ஒத்துப்போகாது.

அத்தையின் முழங்காலுக்குத் தைலம் வாங்கி வருகிறேன்.

சின்னராசு


மேட்டுக்கொல்லை,
6-4-1966

சின்னராசுவுக்கு ஆசீர்வாதம். சுகம்.

முதுகைத் தொடமாட்டேன், இது வாக்கு. மனித உடம்பில் வேறு இடங்கள் இருக்கின்றன. படிக்கிறவன் நீ, உனக்குத் தெரியாததா?

தைலம் பெரிய சீசாவாக வாங்கு.

சடையப்பன்


சென்னை,
16-5-1966

மதிப்புக்குரிய மாமாவுக்கு வணக்கம். நான் சுகமாக வந்து சேர்ந்தேன். படுகளத்தைப் பார்க்காமல், நேரில் சொல்லிக்கொள்ளாமல், காலை பஸ்ஸில் புறப்பட்டதற்கு மன்னிக்க வேண்டும். தேர்வு நெருங்கிவிட்டது.

முகத்தின்மேல் வெயில் படாமல் ஓலைத்தட்டி போட்டு மூடியிருந்தேன். பூஜைக்குத் தாங்கள் வந்த பிறகுதான் எடுக்க வேண்டும் என்று பச்சமுத்துவிடம் சொல்லியிருந்தேன், எடுத்திருப்பான். உடம்புக்குக் காவியும் சுண்ணாம்பும்தான். முகத்துக்கு மட்டும் பன்னிரண்டு ட்யூப்பும் காலி. ஈரக் களிமண் வெடிக்கும் என்பதால் துணி ஒட்டி, அதன்மேல் பூசினேன். துணிக்கு அத்தை தங்களுடைய பழைய வேட்டி ஒன்றைக் கொடுத்தார்கள். வாங்கிய பிறகுதான் தங்களுடையது என்று தெரிந்தது. காய்ந்தபின் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். கரையவில்லை.

தாங்கள் சொன்னபடி நேரில் பார்த்தே போட்டேன். பத்து நாட்களுக்கு முன், களத்தில், சாயங்கால வெளிச்சம் பக்கவாட்டில் நன்றாக விழுந்த நேரத்தில், அதிகாரமுள்ள ஒரு முகம் கிடைத்தது. யாருடைய முகம் என்று ஓவியன் பார்க்கக்கூடாது, ஒளியும் நிழலும் மட்டும் பார்க்க வேண்டும் என்று ஆசிரியர் சொல்வார். அப்படியே செய்தேன்.

தங்களுக்குத் திருப்தியா என்று எழுதவும். வேதகிரிக்கு இப்போது எப்படி இருக்கிறது என்றும் எழுதவும்.

சின்னராசு


மேட்டுக்கொல்லை,
24-5-1966

சின்னராசுவுக்கு ஆசீர்வாதம். நான் சுகம். அத்தைக்கு அன்றிலிருந்து இருமல். நான் எதிரே வந்தால் அதிகமாகிறது, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள்.

படுகளம் சிறப்பாக நடந்தது. தலையில் பரிவட்டம் கட்டிக்கொண்டு நான் முன்னால் நின்றேன். பச்சமுத்து தட்டியை எடுத்தான். ஆறு ஊர் ஜனமும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தது. முகம் நன்றாக இருந்தது. புருவம், பல்லைக் கடித்திருந்த தாடை, கழுத்து நரம்பு எல்லாம் தத்ரூபம். யாரையோ நினைவுபடுத்துவதாகச் சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அது ஐயங்கார்குளத்து நாட்டாமை மாதிரி தெரிந்தது. அப்படியே உரக்கச் சொன்னேன். எல்லோரும் ஆமாம் என்றார்கள். ஆனால் என்னைப் பார்த்துக்கொண்டே ஆமாம் என்றார்கள்.

பீமன் தொடையில் மூன்று அடி அடிப்பது வழக்கம். பச்சமுத்து பதினொன்று அடித்தான். தொடைக்குள் வைத்திருந்த குங்குமத் தண்ணீர்ப் பானை முதல் அடியிலேயே உடைந்து என் வேட்டியில் தெறித்தது. மிச்சம் பத்தும் எதற்கு என்று கேட்டேன். "தாளம் நிக்கல நைனா" என்றான். நம் வீட்டில் சாப்பிடுகிறவன்.

பிறகு ஜனங்கள் ஆளுக்கொரு பிடி மண் எடுத்துப்போய்க் குதிரில் போட்டுக்கொள்ளும் வழக்கம் உனக்குத் தெரியும். இந்த வருஷம் கையால் எடுக்கவில்லை. உலக்கை, மண்வெட்டி, கடப்பாரை எல்லாம் வந்தன. இதற்குமுன் வரப்புக்கு அப்பால் நின்று பார்த்தவர்களும் இறங்கினார்கள். வயிற்றின்மேல் ஏறிக் குதித்தார்கள். கையைத் தோளோடு வெட்டினார்கள். விரல்களை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் உடைத்தார்கள். சிட்டம்மாள் என்கிற நடவுக்காரி, கோயில் இடம் என்றும் பாராமல், பழைய செருப்பு ஒன்றால் முகத்தில் அடித்தாள். உன் வர்ணம் அசையவில்லை. கன்னத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை. அதனால் எல்லோருக்கும் வாய்ப்புக் கிடைத்தது. ஒரு மணி நேரம் பரிவட்டத்தோடு நின்று பார்த்தேன். தர்மகர்த்தா நடுவில் போகக்கூடாது.

யாரைப் பார்த்துப் போட்டாய் என்று நான் கேட்கவில்லை. நீயும் எழுத வேண்டாம்.

சடையப்பன்


மேட்டுக்கொல்லை,
28-7-1966

சின்னராசுவுக்கு ஆசீர்வாதம். நீ எழுதிய மூன்று கடிதங்களும் கிடைத்தன. வேதகிரியைப் பற்றியே கேட்டிருக்கிறாய். என் சுகத்தை மூன்றாவது கடிதத்தில்தான் கேட்டிருக்கிறாய். சுகம்தான். தேங்காய் உரிக்கும்போது சறுக்கிக் காலில் சிறு காயம், பதினேழு தையல். காலில் எந்த இடம் என்பது முக்கியமில்லை. பெஞ்சில் படுத்தபடி எழுதுகிறேன்.

இரண்டு விஷயம். முதலாவது, உன்னுடைய அந்த வர்ணத்தை எதைப் போட்டால் எடுக்கலாம்? உன் அத்தை தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறாள். மண்ணெண்ணெய், சாணிப்பால், புளித்தண்ணீர் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று என்கிறாள்.

இரண்டாவது, நீ அடுத்த முறை வரும்போது என்னைப் படமாகப் போட வேண்டும். நேரில் பார்த்துத்தான். பெரியதாக, ரோட்டிலிருந்து தெரிகிற மாதிரி. சிரித்த முகமாக. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சிரித்தபடி உட்காருகிறேன். இரண்டு மாதமாகப் பழகி வைத்திருக்கிறேன்.

சடையப்பன்


மேட்டுக்கொல்லை,
4-8-1966

சின்னராசுக்கு வேதகிரி சொல்லி, மிஷன் பள்ளிக்கூடத்து ஞானதாஸ் வாத்தியார் எழுதறது. திருத்தி எழுதறேன்னாரு, வாணாம்னேன். எனுக்கு ஒடம்பு பரவால்ல, எடது காது மட்டும் கேக்கல. செங்கேணி நல்லா கீறா. ஒனுக்கு எப்பிடி கீது?

ஆண்டேன்னு போடாம பேரப் போட்டுட்டேன். வாத்தியாரு பேனாவ நிறுத்திட்டு என்னப் பாத்தாரு. எழுதுங்கன்னேன்.

களத்துல நடந்தது ஒனுக்குத் தெரியும். ஆனா எனுக்குத் தெரியும்னு ஒனுக்குத் தெரியாது. எரு அள்ளிகினு இருந்தேன். பட்டணத்துல நின்னு ஒடம்பு பழகிப் போச்சி, கால் மணி ஆனா அதுவா நிமிந்துக்குது. நிமிந்தேன். "இன்னாடா"ன்னாரு. "ரெஸ்ட்டு ஆண்ட"ன்னேன். வாயில வந்துடுச்சி. மண்வெட்டிக் காம்பால காதுமேல போட்டாரு. வுழுந்தப்பறம் நெஞ்சில, கையில, மூட்டுல. முதுவத் தொடல. ஒனுக்கு வாக்குக் குடுத்துட்டாராமே. பொரண்டப்போ பாத்தேன். வைக்கப்போராண்ட நீ குந்திகினு கீற. மடியில அட்ட. அவரு மூஞ்சப் பாக்கற, குனிஞ்சி வரையற. பாக்கற, வரையற. என் மூஞ்ச ஒரு தபா கூடப் பாக்கல.

செரி. அந்த மூஞ்சி இன்னா ஆச்சின்னு கேளு. படுகளம் முடிஞ்சி அல்லாரும் மண்ண அள்ளிகினு பூட்டாங்க, மூஞ்சி மட்டும் கெடந்துச்சி. செங்கேணி ஓரத்தப் பிடிச்சி இழுத்தா, ஆட்டுத் தோலு மாதிரி முழுசா வந்துடுச்சி. ஆண்டயோட மணிலாக் கொட்டக் கொல்லையில மூங்கில் நட்டு, வைக்கோல் அடச்சி, மாட்டிட்டா. காக்கா வராதுன்னா. காக்கா இல்ல, நாயி கூட வரல.

அவரு சாட்டய எடுத்துகினு வந்தாரு. "எவடி இத்த மாட்னது"ன்னு கைய ஓங்கினாரு. கள வெட்டறவங்க அல்லாரும் மூங்கிலப் பாக்கறாங்க, அவரப் பாக்கறாங்க. அதே புருவம், அதே பல்லு. சிட்டம்மா பொளக்குனு சிரிச்சிட்டா. கை எறங்கிடுச்சி. கழட்டுன்னு சொல்லலாம் இல்ல? ஏன்னு கேட்டா இன்னா சொல்வாரு, எம்மூஞ்சின்னா? அன்னிலேந்து கோவம் வந்தா சிரிக்கிறாரு. ரெண்டு மாசமா யாரையும் தொடல, சிரிச்சிகினே கீறாரு. மொதல்ல எங்களுக்கு அது இன்னும் பேஜாராப் போச்சி.

ஆடி மொத வெள்ளி அன்னிக்கி தாங்கல. கொடுவாள எடுத்துகினு கொல்லையில எறங்கி வெட்டுறாரு. வெட்டு வுழ மாட்டேங்குது, வழுக்கி வழுக்கிப் பூடுது. அது பாத்துகினே கீது, இவரு வெட்டிகினே கீறாரு. கடசி வெட்டு மூங்கில்ல பட்டுத் திரும்பி அவரு தொடையில எறங்கிச்சி. மல்லாக்க வுழுந்தாரு. ரத்தம் பீச்சிகினு வருது. நாப்பது பேரு சுத்தி நிக்கிறோம். தொடையப் பாக்கறோம். படுகளத்துல மண்ணு எடுக்கற நேரம் மாதிரி இருந்துச்சி.

கொடுவாளு என் காலாண்ட கெடந்துச்சி. குனிஞ்சி எடுத்தேன். அவரு என்னப் பாத்தாரு. அப்பத்தான் மொத மொதல்ல எம்மூஞ்ச முழுசாப் பாத்தாருன்னு நெனைக்கறேன். தூர வீசிட்டேன். பச்சமுத்து துண்ட அவுத்து இறுக்கிக் கட்டினான். நானும் அவனும் தூக்கி வண்டியில போட்டோம். "யார்கிட்டயும் சொல்லாதடா"ன்னாரு. நாப்பது பேரு நிக்கிறாங்க.

அடுத்த வாரம் நானும் செங்கேணியும் பட்டணம் வர்றோம். திரும்பி வர்றதுக்கு இல்ல. நீ எங்கியும் ஓடிடாத, ஒரு வேல கீது. சட்டையக் கழட்டிட்டு அந்த மேடமேல நீ ஏறணும். நான் குந்திகினு பாக்கணும்.

வேதகிரி, கைநாட்டு


சென்னை,
3-9-1966

மதிப்புக்குரிய மாமாவுக்கு வணக்கம். தங்கள் காயம் ஆறி வருகிறது என்று நம்புகிறேன். புதுத் தழும்பு முதலில் ஈரல் நிறமாக இருக்கும், எட்டு வருஷத்தில் வெள்ளி ஆகும். இதைத் தங்கள் கடிதத்திலிருந்துதான் கற்றுக்கொண்டேன். அத்தையின் இருமல் நின்றுவிட்டதா?

வர்ணத்தை எடுக்க ஒன்றும் இல்லை. அதன்மேல் பூசலாம், அதற்கு நான் வரவேண்டும். வருவதாக இல்லை.

தேர்வுச் செய்தியைத் தாமதமாக எழுதுகிறேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முதுகுப் படத்தைப் பார்த்து, மிகைப்படுத்தியிருக்கிறேன், இப்படி ஒரு முதுகு இயற்கையில் இருக்க முடியாது என்று மதிப்பெண்ணைக் குறைத்தார். ஆசிரியருக்குக் கோபம் வந்துவிட்டது. மார்ச் 26 தேதியிட்ட தங்கள் கடிதத்தை எடுத்துக் காட்டினார். தேர்வாளர் படித்தார். மதிப்பெண் கூடியது. இப்போது கூடத்தில் படம் மாட்டியிருக்கிறது, பக்கத்தில் தங்கள் கடிதம் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் படத்துக்கு முன்னால் நிற்பதைவிடக் கடிதத்துக்கு முன்னால் அதிக நேரம் நிற்கிறார்கள். கையெழுத்து தெளிவாக இருப்பதாகச் சொல்கிறார்கள். போன வாரம் ஒரு வக்கீல் வந்து நகல் எடுத்துக்கொண்டு போனார்.

வேதகிரியும் செங்கேணியும் வந்து சேர்ந்தார்கள். அவருக்கு எங்கள் பள்ளியிலேயே வேலை கொடுத்திருக்கிறார்கள், நிற்கிற வேலை. திருப்பி அனுப்பச் சொல்லித் தாங்கள் எழுதலாம். எழுதினால் அதையும் கண்ணாடி போட்டுவிடுவார்கள்.

தங்கள் சிரித்த முகத்தை வேறு யாரையாவது கொண்டு வரையவைத்துக்கொள்ளவும். அந்தச் சாயங்காலம் நான் அட்டையைக் கீழே வைத்திருக்கலாம். எழுந்து வந்து தங்கள் கையைப் பிடித்திருக்கலாம். வெளிச்சம் நன்றாக இருந்தது, வைக்கவில்லை.

அவர் வந்த அன்றே என்னை மேடையேற்றினார். சட்டையைக் கழற்றிவிட்டு நின்றேன். அவரும் செங்கேணியும் எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவர் கையில் காகிதமோ கரியோ இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. ரெஸ்ட் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சின்னராசு